அக்கா அகுவோலை அழைத்துப்போக வந்த தம்பி

— நம்ம டிங்கா பேச்சே உனக்கு மறந்துபோச்சு, அக்கா. பாதிக்குப் பாதி நூவர் வார்த்தைதான் வருது.

— இந்த நூவர் ஊர்ல நம்ம பேச்சு பேச ஆள் ஏதுடா? மாட்டுக்கிட்ட மட்டும்தான் நம்ம பேச்சு. அதுங்க ஒண்ணும் குறை சொன்னதில்ல.

— சிரிக்கிறியே.

— சிரிச்சா என்ன? நைல் கரையில நம்ம பட்டி ஞாபகம் இருக்கா? விடியறப்ப சாணி மூட்டத்துல ஒரே புகையா, கொம்பு மட்டும் தெரியும்.

— கொசு கடிக்காதுன்னு நீ சாம்பலை அள்ளி என் மூஞ்சியெல்லாம் பூசுவே.

— அந்தப் பிசாசுக் கோலத்துலயே போய்ப் பசு மடியில வாயை வெச்சுக் குடிப்பே. அம்மா குச்சியை எடுத்துக்கிட்டு ஓடிவருவா.

— அப்பா அந்த வளைஞ்ச கொம்புக் காளை முன்னாடி ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டுப் பாடுவாரு.

— தவளைத் தொண்டை. ஆனா கேளேன், இப்பவும் மழை வந்தா அந்தக் குரல்தான்.

— அவர் பாடிக்கிட்டிருக்கும்போதுதான் நூவர் படை சுட ஆரம்பிச்சது.

— பாட்டு பாதியில நின்னுபோச்சு.

— நான் கோரைக்குள்ள கழுத்தளவு தண்ணியில நின்னுக்கிட்டிருந்தேன். அப்பா விழுந்ததைப் பார்த்தேன். உன்னை மாட்டோட மாடா ஓட்டிக்கிட்டுப் போனதையும் பார்த்தேன்.

— நீயும் போயிட்டேன்னு உனக்கும் சேர்த்து அழுது தீர்த்துட்டேன்டா நான்.

— ஊர்ல உனக்குன்னு ஒரு குடிசை போட்டிருக்கேன். கரையில படகு நிக்குது. கிளம்பு, அக்கா.

— என் பிள்ளையை விட்டுட்டா?

— அந்தப் படையில வந்தவனோட பிள்ளைதானே?

— ஆமா. அவன் அப்பன் செத்து ரெண்டு மழைக்காலம் ஆச்சு. பிள்ளை என் வயித்துலதானே இருந்தான்.

— நம்ம சனத்தைக் கோரை அறுக்கிற மாதிரி அறுத்தாங்களே, அது உனக்கு ஒண்ணுமில்லாம போச்சா?

— கேளேன். பிள்ளைக்குப் பேர் வைக்க அவங்க ஆளுங்க வந்து உட்கார்ந்தாங்க. நான் வேற பேர் சொன்னேன். அடிச்சாங்க. நானும் மாத்தல. கடைசியில அவங்களே சலிச்சுப்போய் விட்டுட்டாங்க.

— அப்படி என்ன பேரு?

— வெளியில ஒரு ஆள் அவனைக் கூப்பிடறான் பாரு. காது குடுத்துக் கேளு.

— லுவெத்... அக்கா, அது நம்ம அப்பா பேரு. கூப்பிடறது யாரு?

— பையனோட பெரியப்பன். அன்னிக்கு அப்பாவைச் சுட்டவன். பொழுது விடிஞ்சா அவன் வாயில அப்பா பேர்தான், தம்பி; அது யார் பேருன்னு அவனுக்கு இன்னும் தெரியாது.