பன்னெண்டாவது குச்சி

...பட்டுப்போன குச்சியாப் பொறுக்கி அனுப்பிச்சிட்டாங்கன்னு சொன்னா தப்பா? நீங்களே சொல்லுங்க. ஆறு வாரமாச்சு. மண்ணு ரொப்பின பதினோரு பையில பதினோரு குச்சி, ஒண்ணுலகூட ஒரு எல இல்ல. நீங்க பாட்டுக்குக் காஞ்ச தக்காளிச் செடியப் பிடுங்குங்க, பிடுங்கிக்கிட்டே கேளுங்க. பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து ரெண்டு மாசந்தானே ஆகுது, எங்க நாத்தனாரப் பத்தி உங்களுக்குத் தெரியாது.

அது எங்க மாமனார் வெச்ச திராட்சக் கொடி. கடையில கெடைக்கிற ரகம் இல்ல. பழம் பட்டாணி அளவு, முக்கால்வாசி கொட்ட, வாயில போட்டா ஒரு கண்ணு தானா மூடிக்கும். எங்க வீட்டுக்காரரு அதத் தின்னுதான் வளந்தாராம். கொடி நின்ன அந்த ஊரு வீட்ட நாத்தனார் வித்துட்டாங்க. வாங்கினவன், காரு நிறுத்த எடம் வேணும்னு கொடிய வேரோட எடுத்துட்டான். அதுக்கு முன்னாடி பன்னெண்டு குச்சி வெட்டி, ஈரச் சாக்குல சுத்தி பஸ்ஸுல போட்டு அனுப்பினாங்க. அனுப்பிச்சிட்டு ஃபோன்ல பாடம் வேற. சாய்ச்சு வெட்டின பக்கம் மேல, நேரா வெட்டின பக்கம் கீழ, மறந்துடாதேன்னு மூணு தடவ. எனக்கென்ன ஒரு குச்சி நடத் தெரியாதா? கூரா இருக்கிற பக்கந்தானே மண்ணுல எறங்கும்? உலகத்துல எவனாவது மழுங்கின பக்கத்தக் கீழ வெப்பானா... உங்களத் தவிர. கோவிச்சுக்காதீங்க. பை பத்தாம மிஞ்சின ஒண்ண உங்க தக்காளிக்கு முட்டுக் குடுக்கக் குடுத்தேனே, கூரான பக்கத்த வானத்துக்குக் காட்டி நட்டு வெச்சீங்க. எங்க வீட்டுக்காரருகிட்டக்கூடச் சொல்லிச் சிரிச்சேன்.

அவரு சிரிக்கல. தெனம் காலையில பல்லு வெளக்கிக்கிட்டே வந்து ஒவ்வொரு பையா எட்டிப் பாப்பாரு. திட்டினாக்கூடத் தாங்கிக்குவேன், அந்த மனுசன் மொட்டக் குச்சியத் தடவிட்டுப் போறதத்தான் பாக்க முடியல. அந்த ஆத்திரத்துல முந்தாநேத்து நாத்தனாருக்கு ஃபோனப் போட்டு, அடுப்புக்கு வெச்சிருந்த வெறகத்தானே அனுப்பினீங்கன்னு கேட்டுட்டேன். அழுதுட்டாங்க. அழட்டும்னு வெச்சுட்டேன். ஞாயித்துக்கெழம நேர்ல பாக்க வர்றாங்களாம். வரட்டும். பதினோரு பையையும் வாசல்லயே வரிசையா வெக்கிறேன்.

இருங்க, இருங்க. அது என்ன எல? தக்காளி எல இல்லையே. அந்த முட்டுக் குச்சியிலயா? கொஞ்சம் நகருங்க... மூணு எல. பத்தாததுக்குப் பிடிச்சு ஏற ஒரு நூலு வேற நீட்டியிருக்கு.

கூரு மேல இருக்கு.

அப்போ நான் பதினொண்ணையும் தலகீழா... சிரிக்காதீங்க. நாலு தடவ எரு வேற வெச்சேனே. அய்யோ, அவங்க அழுதாங்களேங்க. என் வாயில மண்ணப் போட.

ஏய் ஏய், அதையும் சேத்துப் பிடுங்கிடாதீங்க. அது எங்க மாமனாரு.

அந்தா, பிரஷ்ஷோட வந்துட்டாரு. நீங்க எங்க உள்ள நழுவுறீங்க? நில்லுங்க, வெளியாளு இருந்தா கொஞ்சம் கொறச்சுத் திட்டுவாரு.

ஏங்க... அந்தப் பையெல்லாம் விடுங்க. இந்தக் காம்பவுண்டுச் சுவத்துப் பக்கம் வாங்க. மொதல்ல வாயக் கொப்புளிங்க, உங்க அக்காவுக்கு ஃபோன் போடணும்.