ஏழாவது வாசிப்பு

புதிதாக வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, கையில் பென்சில் இருக்கிறதா என்றுதான். பேனா வேண்டாம். பேனாவால் கோடு போட்டால் முதல் தடவை தோன்றியதே கடைசிவரை நின்றுவிடும். பென்சில் என்றால், அடடா தப்பாகப் புரிந்துகொண்டோமே என்று அழித்துக்கொள்ளலாம். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் பாதிப் பேர் காதில் பென்சில் செருகியிருக்கும்.

நீங்கள் கேட்டது இதுவல்ல, தெரியும். என் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பைப் பற்றி விசாரிக்கத்தான் அழைத்திருக்கிறீர்கள். அதில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இயல், பழைய மாணவி ஒருத்தியின் ஆய்விலிருந்து எடுக்கப்பட்டது என்று புகார் வந்திருக்கிறது. நடந்ததை முழுதாகச் சொன்னால்தான் அந்தப் புகார் தவறு என்று விளங்கும். அரைகுறைச் சான்றை வைத்துக்கொண்டு முடிவுக்கு வராதே என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துவிட்டு நானே அரைகுறையாகப் பேசினால் நன்றாக இருக்காது.

எங்கள் துறையில் கடைசி ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஓர் ஆய்வுத் தாள் உண்டு. பழைய நிகழ்ச்சி ஒன்றைப் பற்றிய ஆறு ஆவணங்களை ஆசிரியர் நகலெடுத்துக் கொடுப்பார். வாசிப்புகள் என்போம். அவற்றிலிருந்து மாணவர் தனக்கென்று ஒரு வாதத்தைக் கட்டி, தேர்வாளர் முன்னால் நின்று நிறுவ வேண்டும். நான் கொடுப்பது எப்போதும் பாலம் இடிந்த கதைதான். வெள்ளத்தன்று ஆற்றுப்பாலம் இடிந்து, அதன்மேல் போய்க்கொண்டிருந்த கூட்டம் தண்ணீரோடு போயிற்று. பாலத்தை மூடாமல் விட்டார் என்று பொறியாளர்மேல் பழி விழுந்தது. மனிதர் சிறையிலேயே செத்தார். அந்தப் பழி சரியானதுதான் என்று நிறுவியது என் புத்தகம். என் இளமை அதிலேயே போயிற்று. வீட்டில் கல்யாணப் பேச்சை எடுத்தபோதெல்லாம், புத்தகம் முடியட்டும் என்றேன். அது முடிந்தபோது பேச்சை எடுக்க வீட்டில் யாரும் மிச்சமில்லை. குறையாகச் சொல்லவில்லை. என்னிடம் இருந்தது அந்த ஒரு புத்தகம்தான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

அந்தப் பெண்ணை வகுப்பில் எறும்பு என்பார்கள். வாய் பேசமாட்டாள், சும்மாவும் இருக்கமாட்டாள். ஆளில்லாத வகுப்பறையில் தனியாக உட்கார்ந்து ஏதாவது குறிப்பு எடுத்துக்கொண்டிருப்பாள். அப்பா இல்லை. அம்மா தையல்காரி. மாலையில் அம்மா தைக்கும் சட்டைகளுக்கு இவள் பொத்தான் வைப்பாள். அதனால் விரல் நுனியெல்லாம் ஊசி குத்திப் புள்ளி புள்ளியாக இருக்கும். எனக்கு அவளைப் பிடிக்கும். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் வகுப்பில் எழுந்தாள்.

"மேடம், ஒரு சந்தேகம். உயிர் தப்பின அந்த அம்மா தன் வாக்குமூலத்துல, 'சங்கிலியைத் தாண்டி ஏறினோம்'னு சொல்றாங்க. அது பாலத்தோட பக்கச் சங்கிலின்னு நீங்க புத்தகத்துல எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"பக்கச் சங்கிலியைத் தாண்டினா ஆத்துல இல்ல விழணும்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. நக்கலுக்காகக் கேட்டவள் இல்லை.

"குறுக்கே கட்டின சங்கிலியைத்தான் தாண்ட முடியும் மேடம். அப்படின்னா பாலத்தை யாரோ மூடியிருக்காங்க. மூடச் சொல்ற அதிகாரம் பொறியாளருக்குத்தான் இருந்துச்சு."

நல்ல கேள்வி, மேலே போ என்றேன். வீட்டுக்குப் போய் அந்த ஆறு ஆவணங்களையும் மறுபடி எடுத்துப் படித்தேன். பத்திரிகைச் செய்தியில், "அறுந்த சங்கிலி ஒன்று முகப்புத் தூணில் தொங்கியது" என்று ஒரு வரி. பல வருஷம் முன்பு நானே அடிக்கோடிட்டிருந்தேன். அதற்கு அப்புறம் கண் அந்த வரியில் நிற்கவே இல்லை போலிருக்கிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இது ஊரக்கூட இல்லை. ஒரே கடி.

ஒரு மாணவி என்னைத் திருத்துவது எனக்குப் பெரிய விஷயமில்லை. அது நடக்கத்தான் செய்யும். அவள் அதைச் சுலபமாகச் செய்தாள் என்பதுதான் கொஞ்சம் உறுத்தியது. பொத்தானைத் தைத்து முடித்ததும் நூலைப் பல்லால் கடித்துத் துப்புவார்களே, அந்த மாதிரி. உழைக்காமல் கிடைத்த உண்மை ஒருத்திக்கு நல்லதில்லை என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அவள் எழுதிய முதல் வரைவை வாங்கிப் படித்தேன். சுத்தமான வேலை. ஓர் இடத்தில் மட்டும், "சங்கிலியைக் கட்டியவர் என்று ஒரு காவலாளி இருந்திருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தாள். ஓரத்தில், "சான்று?" என்று குறித்தேன். எந்த ஆசிரியரும் குறிப்பார். பிறகு அந்தச் சான்றை நானே செய்துகொடுத்தேன்.

என் அப்பா நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவர். அவருடைய இயந்திரம் கட்டிலுக்கு அடியில் இருந்தது. காவலாளி சொன்னதாக ஒரு பக்கம் அடித்தேன். "பொறியாளர் ஐயா உத்தரவுப்படி நான்தான் சங்கிலி கட்டினேன். சந்தைக்குப் போகிறவர்கள் கேட்காமல் அறுத்துக்கொண்டு ஏறினார்கள்." பழைய சாட்சியங்களைப் படித்துப் படித்து அந்த நடை எனக்குக் கைவந்திருந்தது. நடுவில் அவளுடைய வரைவிலிருந்தே இரண்டு மூன்று சொற்களை எடுத்துப் போட்டேன். நகலை மறுபடி நகலெடுத்து, அதையும் நகலெடுத்தால் தாள் தானாகவே மங்கிவிடும். குறித்துத் தருகிறேன் என்று அவளுடைய வாசிப்புக் கட்டை வாங்கி, நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையில் அதைச் செருகித் திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாளே வந்தாள். முகம் பூத்திருந்தது.

"மேடம், இந்தப் பக்கம் முன்னாடியே இருந்துச்சா?"

"உன் கட்டு. நீதானே பார்க்கணும்?"

"நான் எத்தனையோ தடவை படிச்சேன் மேடம். எப்படிக் கண்ணுல படாம போச்சு?"

"களைப்பா இருந்திருப்பே."

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். களைப்பாகத்தான் இருந்தாள்.

ஆய்வை முன்வைக்கும் நாளில் அவளுடைய அம்மா வந்திருந்தாள். வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்து கடைசி வரிசையில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் பேசுவது எதுவும் அவளுக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எப்போதும் சிரித்த முகம். சங்கிலி வாதத்தைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எறும்பு அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி அன்றுதான் பார்த்தேன். குரல் நடுங்கவே இல்லை. காவலாளியின் சாட்சியத்தை மொத்த வாதத்துக்கும் கடைசி ஆணியாக அடித்தாள்.

"பிரமாதம்மா," என்றார் தேர்வாளர். "இந்தச் சாட்சியத்தை நான் பார்த்ததே இல்லையே. எங்க கிடைச்சுது?"

"வாசிப்புத் தொகுப்புல இருந்துச்சு சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். "ஆறு வாசிப்புதான் குடுத்தேன்," என்றேன். அதுவும் உண்மைதான். தொகுப்பாகக் கொடுத்தது ஆறுதான். மற்ற பிள்ளைகளின் கட்டுகளை வாங்கிப் பார்த்தார்கள். யாரிடமும் காவலாளி இல்லை. தேர்வாளரின் முகத்தில் சிரிப்பு அணைந்தது. கடைசி வரிசையில் அம்மா இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

காவல் நிலையம் வரை போகலாம் என்று துறைத்தலைவர் குதித்தார். சின்னப் பெண், நான் பேசிப் பார்க்கிறேன் என்று அவளை என் அறைக்கு அழைத்துப் போனேன். தண்ணீர் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை.

"நான் செய்யல மேடம். சத்தியமா செய்யல."

"சத்தியம் சான்று ஆகாது. அழாதே. இதையும் ஓர் ஆய்வுக் கேள்வியா எடுத்துக்குவோம். உன் கட்டு யார்கிட்ட இருந்துச்சு?"

"என்கிட்ட. நடுவுல உங்ககிட்ட."

"ஆக, ரெண்டு பேர். அந்தப் பக்கத்தால யாருக்கு லாபம்? எனக்கா? என் புத்தகத்தையே கவுக்குற சாட்சியம் அது."

அவளுடைய வரைவையும் காவலாளியின் பக்கத்தையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"காவலாளின்னு ஒருத்தர் இருந்திருக்கணும்னு முதல்ல எழுதினது யாரு?"

"நான்தான்."

"இந்தச் சொல்லெல்லாம் உன் வரைவுல இருக்கா, இல்லையா? நீயே ஒப்பிட்டுப் பாரு."

பார்த்தாள். பென்சிலை எடுத்து, நான் கற்றுக்கொடுத்தபடியே, இரண்டு தாளிலும் ஒத்த சொற்களுக்குக் கீழே கோடு போட்டாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவ்வளவு நேர்மையான பெண். தனக்கு எதிரான சான்றையும் மறைக்காமல் கோடு போடுகிறாள்.

"ராத்திரியெல்லாம் பொத்தான் தைக்கிறே. தூக்கம் கிடையாது. தூங்காத மனுஷி செஞ்சதெல்லாம் நினைவுல நிக்குமா?"

அவள் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அப்ப நான்தான் செஞ்சிருக்கணும் மேடம்," என்றாள்.

"செஞ்சிருக்கணுமா, செஞ்சியா? எழுத்துல தெளிவு வேணும்."

"செஞ்சேன்."

மன்னிப்புக் கடிதத்தை அவளே எழுதினாள். ஒற்றுப்பிழைகளை மட்டும் நான் திருத்தினேன். இந்த ஆய்வை முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன், இதில் எனக்கு இனி எந்த உரிமையும் இல்லை என்று கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். சேர்த்தாள். கல்லூரியிலிருந்து நீக்கினார்கள். போலீசுக்குப் போகவில்லை. அவளுடைய அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எம்பிள்ளைய நீங்கதான்மா காப்பாத்துனீங்க. பெத்தவ நான், எனக்கே தெரியலையே அவ இப்படின்னு," என்றாள். தைரியமாக இருங்கள் என்று தோளைத் தட்டி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு அந்த அம்மாவைக் கடைத்தெருவில் ஒரு தடவை பார்த்தேன். மகள் ஒரு பார்சல் கிடங்கில் முகவரிச் சீட்டு எழுதி ஒட்டும் வேலையில் இருக்கிறாளாம். எழுதியதைப் பக்கத்தில் இருப்பவர்களிடம் காட்டி, "இதை நான்தானே எழுதினேன், நீங்க பார்த்தீங்கதானே?" என்று கேட்பாளாம். வீட்டிலும் அப்படித்தான். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிய பிறகு, "அம்மா, நான் சாப்பிட்டேனா?" என்பாளாம். "முன்னெல்லாம் எங்க வீட்டுல ஞாபகத்துக்கே அவதாம்மா," என்றாள் அம்மா. டாக்டரிடம் காட்டச் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஒருவரின் முகவரியும் கொடுத்தேன்.

இனி புத்தகத்துக்கு வருகிறேன். பதிப்பாளர் இரண்டாம் பதிப்புக் கேட்டார். பொறியாளர் பாலத்தை மூடித்தான் இருந்தார் என்று எனக்கு இப்போது தெரியும். தெரிந்துகொண்டே பழையதை மறுபடி அச்சிடச் சொல்கிறீர்களா? செத்துப்போன மனிதர்மேல் இன்னொரு தலைமுறைக்குப் பழி நிற்கட்டும் என்கிறீர்களா? என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. சங்கிலியையும் தூணையும் வைத்துப் புதிய இயல் எழுதினேன். காவலாளி தேவையே படவில்லை. அந்த ஆறு வாசிப்புகளே போதும்.

அவளும் அதைப் படித்திருக்கிறாள். கிடங்கிலிருந்து நேராக என் அறைக்கு வந்தாள். இளைத்திருந்தாள். வாசலிலேயே நின்று சொன்னாள்.

"அந்தப் பொய்ப் பக்கம் இல்லாமலே நிரூபிக்கலாம்னு நீங்க காட்டிட்டீங்க மேடம். நான்தான் அவசரப்பட்டுக் கெடுத்துக்கிட்டேன். மன்னிச்சிடுங்க."

மன்னித்தேன் என்றேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னேன். வேலைக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள். ஒரு மாணவி கடைசியில் பாடத்தைப் புரிந்துகொண்டாள் என்ற நிறைவு அன்று முழுக்க எனக்கு இருந்தது.

அந்தச் சிரித்த முகத் தேர்வாளர்தான் புகார் எழுதியவர் என்று நினைக்கிறேன். நல்ல ஞாபகசக்தி. ஆனால் அவர் ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்த வாதம் தனக்கு வேண்டாம் என்று அவளே கையெழுத்திட்டுக் கொடுத்த நாளிலிருந்து அதற்குச் சொந்தக்காரர் யாருமில்லை. கேட்பாரற்றுக் கிடந்ததை எடுத்து ஒழுங்காக வைத்தேன்.

காவலாளி பேசிய பக்கத்தை அடித்தது நான். அவளுடைய வாசிப்புக் கட்டுக்குள் அதைச் செருகியது நான். அவள் நினைவை அவளே நம்பாதபடி உட்காரவைத்துப் பேசியதும் நான்தான். இதையெல்லாம் சொன்னது சொன்னபடி எழுதிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் திருடினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அடுத்தவர் பொருளில் கை வைக்கிற பழக்கம் எங்கள் குடும்பத்திலேயே கிடையாது.