இரமின் முடிச்சு

ரசம் ஆறிப்போனால் இரம் சாப்பிடமாட்டாள். மதியத்துக்குள் என்னை ஸ்டேஷனிலிருந்து அனுப்பிவிட்டால் நல்லது, மேடம். கேட்பதையெல்லாம் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் கமலம். சத்துவாச்சாரியில் இருக்கும் அந்த வீட்டுக்கு வார்டன். புருஷனிடம் அடிபட்டு ஓடிவந்த பெண்கள் அங்கே தங்குவார்கள். டிரஸ்டை நடத்துவது ரஃபத் ஜஹான். எல்லோரும் அவரை ஆபா, அதாவது அக்கா, என்போம். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. தெருக்காரர்களுக்கு அது லேடீஸ் ஹாஸ்டல். "கமலம்மா, இந்த வீட்டுக்கு வாட்ச்மேன் அந்தப் பூட்டுதான்" என்பார் ஆபா. சாவி எப்போதும் என் இடுப்பில் இருக்கும். முகவரியை யாருக்கும் சொல்லமாட்டேன் என்று ஆபாவிடம் சத்தியம் செய்தேன். இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

இரம் ஆம்பூர்ப் பெண். வந்தபோது இடது கண் வீங்கி மூடியிருந்தது. விரல்களால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. நான்தான் ஊட்டினேன். மற்றவர்கள் ஊட்டப் போனால் வாயைத் திறக்கமாட்டாள். எனக்குப் பிள்ளை இல்லை. அது இந்த வழக்குக்குத் தேவையில்லாத விஷயம்.

விரல்கள் தேறியதும் தைக்க உட்கார்ந்தாள். ஷூவின் மேல்தோலைக் கையால் தைக்கிற வேலை. எங்கள் பக்கம் பல வீடுகளில் நடப்பதுதான். பெருமாள் என்ற ஏஜென்ட் மூட்டையில் தோலைக் கொண்டுவந்து போடுவார், தைத்ததை எடுத்துப்போவார். அந்தச் சரக்கைத்தான் மால் என்போம். ராணிப்பேட்டை மால் மட்டும்தான் வாங்க வேண்டும், ஆம்பூர் மால் கூடாது என்பது ஆபாவின் கட்டளை. ஓடிவந்தவர்களின் புருஷன்மார் பலர் ஆம்பூர் கம்பெனிகளில் இருக்கிறார்கள்.

தையல் முடிகிற இடத்தில் மற்ற பெண்கள் ஒரு துளை திரும்பிக் குத்தி நூலை வெட்டிவிடுவார்கள். இரம் நூலை உள்பக்கம் இழுத்துக் கடுகு அளவில் ஒரு முடிச்சு போடுவாள். அது எதற்கு என்று கேட்டேன்.

"அவருதான் கத்துக் குடுத்தாரும்மா. தையல் லூசா இருந்தா சுத்தியாலயே விரல்ல போடுவாரு. இப்ப கை தானா போவுது" என்றாள். பிறகு சிரித்தாள். "ஆயிரம் ஜோடியில கலந்து போட்டாலும் என்னுதை எடுத்துடுவாரு."

அவள் புருஷன் சமீருல்லா. ஆம்பூரில் ஒரு கம்பெனியில் செக்கர். தைத்து வருவதையெல்லாம் பார்த்து, பழுதைத் தள்ளுகிறவன்.

சித்திரையில் அவளுக்கு ஸ்ரீபெரும்புதூரில் வேலை கிடைத்தது. ஒரு ஷூ கம்பெனியில் புதுப் பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுக்கும் வேலை. தங்க இடமும் ஆபா பார்த்துவிட்டார்.

"முதல் சம்பளத்துல உங்களுக்கு நல்ல லெதர் செருப்பும்மா. தோல் ஊர்ல இருந்துக்கினு ரப்பர் செருப்புல திரியறீங்க, பார்க்க எனக்கே பேஜாரா இருக்குது" என்றாள்.

நல்லது என்றேன்.

அவளுக்கு முன்னால் ஹேமலதா என்று ஓர் அணைக்கட்டுப் பெண் இருந்தாள். அவளும் இப்படித்தான், புடவை வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். போன வருஷம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். கூட வேலை செய்பவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள்மீது எனக்குக் கோபம் இல்லை. உலகம் தெரியாத பெண்கள். அவசரப்பட்டு வெளியே போய்விடுகிறார்கள். அவர்களுக்கு யாராவது நினைவூட்ட வேண்டும்.

அந்த வாரம் பெருமாள் வந்தபோது, ஆம்பூரில் மால் கிடைக்குமா என்று கேட்டேன்.

"இன்னாம்மா, நீங்கதான வேணான்னீங்க? கிடைக்கும். ஜாஸ்தியாவே குடுப்பான். ஆனா ஒரு கம்பெனி பக்கம் மட்டும் போவக் கூடாது. சமீருல்லான்னு ஒரு செக்கர் இருக்கான். கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கற மாதிரி ஒவ்வொரு தையலா பாப்பான். ஒண்ணு கோணினா மூட்டையே ரிட்டன்."

"அங்கேயே வாங்கிட்டு வா" என்றேன்.

மூட்டையைப் பிரித்ததும் இரம் ஒரு தோலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது எங்க ஊரு மாலாம்மா?"

"ராணிப்பேட்டைதான்."

"இந்தக் கலரை நான் பார்த்திருக்கேன்."

"கலர் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்டி. தை."

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு ஊசியில் நூல் கோத்தாள். என்னை நம்பினாள். நான் சொன்னால் அவள் நம்புவாள்.

தைத்த மூட்டை ஆம்பூருக்குப் போனது. அதற்குப் பிறகு நான் ஒன்றும் செய்யவில்லை. கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலுக்குப் போனேன், அவ்வளவுதான். அவன் வந்து தெருவில் நின்று கத்துவான், இவள் பயந்து என் பின்னால் ஒளிவாள், வேலைக்குப் போகவில்லை என்பாள். நான் நினைத்தது இதைத்தான். பயம் அவளுக்கு நல்லது.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலை அவன் வந்தான். சலவைச் சட்டை. தோளில் துணிப்பை. கையில் ஒரு மேல்தோல். அதை உள்பக்கமாகத் திருப்பி, கேட் கம்பி வழியாக அந்த முடிச்சைக் காட்டினான்.

"ஏஜென்ட் இந்த வீட்டைத்தான் சொன்னாரு. இங்க தைச்சதாம்மா?"

"ஆமாம்" என்றேன்.

"என் சம்சாரம் தைச்சது. ஒரு வார்த்தை பேசிட்டுப் போய்டறேன்."

அவன் கத்தவில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை. பின்னறையில் இரம் துணிகளை மடித்துக்கொண்டே ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். வாசல் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. நான் பூட்டைத் தொடவில்லை. பிறகு, "சரிம்மா, சாயங்காலம் பெரியவங்களோட வர்றேன்" என்று திரும்பி நடந்தான். சாயங்காலம் ஆபா வந்துவிடுவார். விஷயம் தெரிந்தால், விடியும்வரை காத்திருக்காமல் இரமை அப்போதே கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

"இருப்பா" என்றேன்.

பூட்டைத் திறந்தது நான்தான்.

பையில் என்ன இருந்தது என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். செக்கர்களின் பையில் பிசிறு சீவுகிற கத்தி இருக்கும். இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் கதவைத் திறக்கும்போது கத்தியை நினைத்தேன் என்று சொல்ல முடியாது. பாட்டு நின்றால் போதும் என்று நினைத்தேன்.

அவன் முகத்தைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் வெட்டினான். மணிக்கட்டில், நரம்பு ஓடுகிற இடத்தில். என் சேலையைக் கிழித்து நான்தான் கட்டினேன். ஆஸ்பத்திரியிலும் கூடவே இருந்தேன். இனிமேல் விரல்கள் மடங்காது என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டு அழுதவளும் நான்தான். ஆபா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

இரம் திரும்பி வந்தாள். தலை வாரிவிட்டேன், குளிப்பாட்டினேன், ஊட்டினேன். முதலில் வந்த நாட்களைப் போலவே இருந்தது. அவள் பேசுவதில்லை. சோற்றை வாயில் வாங்கிக்கொண்டு என் இடுப்புச் சாவியையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

புகார் கொடுத்தது அவள்தான் என்கிறீர்கள். அவளால் பேனா பிடிக்க முடியாது. அவள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொண்டதாகச் சொல்கிறீர்கள். இருக்கட்டும். ஆம்பூர் மாலைக் கேட்டு வாங்கியது நான். அவளிடம் பொய் சொன்னது நான். பூட்டைத் திறந்ததும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இன்று காலை ஆபா ஊட்டி அவள் இட்லி சாப்பிட்டாள் என்கிறீர்களே, மேடம், அதை மட்டும் நான் நம்பமாட்டேன்.