இருவாச்சிக் கூட்டை மறைத்திருந்த கிளை

என் பெயர் மலர்க்கொடி, வயது 33, தகப்பனார் பெயர் அரியமுத்து. அரியலூர் மாவட்டம் ஆண்டிமடம் மேலத்தெருவில் குடியிருக்கிறேன். விலங்கியல் முதுகலை படித்திருக்கிறேன். ஒன்பது வருடமாக, மழைக்காடுகளில் பறவை பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டியாக வேலை செய்து வருகிறேன். பெரம்பலூரில் பயண நிறுவனம் நடத்தும் பாலசுந்தரம் என்பவரை நான்கு வருடமாகத் தெரியும். அவர் ஆள் சேர்ப்பார், நான் காட்டுக்குள் கூட்டிப்போவேன். நேற்று 14.07.2024 அன்று திருமண மண்டபத்தில் நான் அவரைத் தாக்கியதாகவும் பொருளைச் சேதப்படுத்தியதாகவும் அவர் கொடுத்த புகாரின் பேரில் இன்று காவல் நிலையத்துக்கு வந்தேன். உதவி ஆய்வாளர் சுவாதி அவர்கள் நேற்று நடந்ததை மட்டும் சொன்னால் போதும் என்றார்கள். மார்ச் மாதத்திலிருந்து சொன்னால்தான் நேற்று நடந்தது விளங்கும் என்றேன். சொல்லச் சொன்னார்கள், சொல்கிறேன்.

கடந்த 08.03.2024 அன்று பெரம்பலூரிலிருந்து வேனில் பதினொரு பேரை வால்பாறைப் பக்கம் உள்ள மழைக்காட்டுக்கு அழைத்துச் சென்றோம். பாலசுந்தரமும் பெரிய லென்ஸ் வைத்த கேமராவுடன் வந்தார். அங்கே ஒரு தனியார் விடுதியில் தங்கினோம். அந்த விடுதிக்காகக் கூடுகளைக் காவல் பார்த்து வந்தவர் வீரமணி, அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். மறுநாள் அவர் எங்களுக்கு ஓர் இருவாச்சிக் கூட்டைக் காட்டினார். பெண் இருவாச்சி உயரமான மரத்தின் பொந்துக்குள் போய், வாசலை மண்ணும் எச்சமும் வைத்துப் பூசி அடைத்துக்கொண்டு, முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். உள்ளே இருக்கும்போது அதன் இறக்கை இறகுகள் உதிர்ந்துவிடும், பறக்க முடியாது. சுமார் மூன்று மாதம் ஆண் பறவைதான் விரல் அகலமுள்ள பிளவு வழியாகப் பழம் ஊட்டும். எழுபது அடி தள்ளி, ஓலை மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தோம். ஆண் வந்து பத்தொன்பது அத்திப்பழங்களை ஒவ்வொன்றாகத் தொண்டையிலிருந்து எடுத்துக் கொடுத்தது. செட்டிகுளத்திலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ரத்தினம்மாள் என் காதருகில், "ஏம்மா, அவன் வரலைன்னா உள்ள இருக்கறவ என்ன பண்ணுவா?" என்று கேட்டார். வந்துடும்மா, வராமல் இருக்காது என்று சொன்னேன்.

பக்கத்துச் சிறுமரத்தின் கிளை ஒன்று கூட்டுக்குக் குறுக்கே இருந்ததால் பாலசுந்தரத்துக்குப் படம் சரியாக அமையவில்லை. கிளையை வெட்டித் தரும்படி வீரமணியிடம் கேட்டார். வீரமணி, "அந்த மறைப்பு இருக்கறதாலதாங்க அது பயமில்லாம வருது" என்று மறுத்துவிட்டார். அதன் பிறகு 10-ந் தேதி காலையில் நான் மற்றவர்களை ஓடைப் பக்கம் சோலைமந்தி பார்க்க அழைத்துப் போயிருந்தேன். வீரமணியும் எங்களுடன்தான் இருந்தார். சுமார் பதினொரு மணிக்குத் திரும்பி வந்தபோது அந்தக் கிளை வெட்டிக் கீழே கிடந்தது. விடுதி சமையற்கட்டு அரிவாள் அதன் பக்கத்தில் கிடந்தது. பாலசுந்தரம் கூட்டு மரத்தின் அடியிலேயே கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி, ஸ்பீக்கரில் இருவாச்சியின் குரலைப் போட்டுக்கொண்டிருந்தார். ஆண் பறவை தொண்டை நிறையப் பழத்தோடு மரத்துக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. நிறுத்துங்க சார் என்று கத்தினேன். "ஒரே ஒரு ஷாட்டு மலர், கெடச்சதும் கெளம்பிடலாம்" என்றார். வேறொரு ஆண் தன் கூட்டுக்கு வந்துவிட்டதாக நினைத்து அது இறக்கையை விரித்துக்கொண்டு ஸ்பீக்கரை நோக்கிப் பாய்ந்தது. அந்த நேரத்தில் அவர் படம் எடுத்துக்கொண்டார். பழங்களைக் கீழே உதிர்த்துவிட்டு அது பறந்து போனது. நாங்கள் ஊர் திரும்பினோம்.

அதன் பிறகு 17-ந் தேதி வீரமணி எனக்குப் போன் செய்தார். ஆண் பறவை அந்தக் கூட்டுக்குத் திரும்பி வரவே இல்லை என்றும், ஐந்தாம் நாள் பெண் பறவை பசி தாங்காமல் வாசலை உடைத்து வெளியே வந்து, பறக்க இறகில்லாமல் கீழே விழுந்து, ஏதோ விலங்கு கடித்துச் செத்துக் கிடந்தது என்றும், மேலே ஏறிப் பார்த்ததில் குஞ்சும் செத்துப்போயிருந்தது என்றும் சொன்னார்.

விடுதிக்காரர்கள் பாலசுந்தரத்திடம் விளக்கம் கேட்டார்கள். அதன் பிறகு பாலசுந்தரம் என்னைப் பாடாலூருக்கு வரச்சொன்னார். அங்கே நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடை வாசலில் காரை நிறுத்தி ஒரு கடிதத்தை நீட்டினார். வந்தவர்களைச் சந்தோஷப்படுத்த வீரமணியே கிளையை வெட்டியதாக அதில் எழுதியிருந்தது. நான் படித்தேன். இது பொய்யாச்சே சார் என்றேன். "அவன் காட்டு ஆளு, எங்கயாவது பொழச்சுக்குவான். நம்ம பேரு கெட்டா அப்பறம் ஒருத்தன் வேன்ல ஏறமாட்டான். இஷ்டமில்லன்னா சொல்லு, வேற கைடு பாத்துக்கறேன்" என்றார். கார் பானெட் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். வீரமணியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பிறகு அவர் போன் செய்து, "நீங்களுமா எழுதிக் குடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன்.

நேற்று பெரம்பலூர் மண்டபத்தில் ஓர் அமைப்பு பாலசுந்தரத்துக்குக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்காக விருது கொடுத்தது. மேடையில் அந்தப் படத்தை ஆறடிக்குப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு நிறுத்தியிருந்தார்கள். கீழே "ஒரு தந்தையின் பாசம்" என்று எழுதியிருந்தது. வழிகாட்டி என்ற முறையில் என்னைப் பேச அழைத்தார்கள். போகும்போது இரண்டு வார்த்தை பாராட்டிவிட்டு இறங்குவதாகத்தான் இருந்தேன். அந்த எழுத்தைக் கிட்டத்தில் பார்த்த பிறகு எனக்கு முடியவில்லை. இது பாசமில்லை, இவர் ஸ்பீக்கரில் போட்ட குரலை விரட்டத்தான் அந்தப் பறவை வந்தது, அதன் பெட்டையும் குஞ்சும் செத்துவிட்டன, கிளையை வெட்டியது இவர்தான் என்று மைக்கில் சொன்னேன். பாலசுந்தரம், "மைக்க ஆஃப் பண்ணுங்கய்யா, இந்தம்மாவுக்குப் புத்தி பெசகிப்போச்சு" என்றார். மைக்கை அணைத்தார்கள். பிறகு மைக் ஸ்டாண்டை எடுத்துப் படத்தின் மேல் மூன்று முறை அடித்தேன். கண்ணாடி நொறுங்கியது. படத்தை இழுத்துக்கொள்ளப் போய் அவர் கையில் கண்ணாடி கிழித்தது. நான் அவரைத் தொடவில்லை. கூட்டத்திலிருந்து ரத்தினம்மாள் எழுந்து, "நானும் அந்த வேன்ல போனவதான். அந்தப் பொண்ணு சொல்றது நெசம்" என்று கத்தியதை மண்டபத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள்.

இன்று காலை நிலைய வாசலில் பாலசுந்தரத்தின் ஆள் வந்து, மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். இவர் பேச்சைக் கேட்டு ஏற்கெனவே ஒரு கடிதம் கொடுத்தது போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். படத்தை உடைத்தது நான்தான். அதற்கு என்ன தண்டனையோ அனுபவிக்கிறேன். வீரமணி மேல் நான் கையெழுத்திட்ட கடிதம் பொய். இந்த வாக்குமூலத்தின் நகலை அந்த விடுதிக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வீரமணியை நேற்று இரண்டு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அவர் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். "பறவைகள் இறக்க நேர்ந்தது" என்று இருந்த இடத்தை அடிக்கச் சொல்லி, பெண் பறவை செத்ததையும் குஞ்சு செத்ததையும் தனித்தனியாக எழுதச் சொன்னேன். அவ்வாறே திருத்தப்பட்டது. இதில் உள்ளது அத்தனையும் என் வாயால் சொன்னது, உண்மை.

(ஒப்பம்)
அ. மலர்க்கொடி
15.07.2024, பெரம்பலூர்