ஒதேகியிடம் இருக்கும் விசில்

இந்த இரங்கல் கூட்ட மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் எஸ்த்ரேயா கால்பந்துச் சங்கத் தலைவி சுல்மா அவர்களே, எங்கள் ஆட்டக்காரப் பிள்ளைகளைப் பெற்றவர்களே, முன்வரிசையில் கால்மேல் கால் போட்டிருக்கும் ஆற்றங்கரைச் சங்கத் தலைவர் தமாசோ ஒதேகி அவர்களே,

முதலில் ஓர் அவமானத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் போட்டிருக்கும் இந்தக் கறுப்புக் கால்சட்டை, நாம் நேற்றுப் புதைத்த பயிற்சியாளர் தோன் எவரிஸ்தோ போர்தகராயுடையது. என் மாமியார் சாவுக்கு இரவல் வாங்கியது. ஆறு வருடமாயிற்று. பொத்தான் எட்டவில்லை, சட்டையை வெளியே விட்டு மறைத்திருக்கிறேன். பன்னிரண்டு வருடம் அவருக்குத் துணைப் பயிற்சியாளராக இருந்து நான் கற்றது என்ன? கைக்கு வந்ததை விடாதே என்பதைத்தான்.

பிள்ளைகளுக்கும் அவர் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார். பந்து பறிபோனால், "அழுவுறதெல்லாம் வீட்டுல போய் வச்சுக்கடா. நான் அஞ்சு எண்றேன், அதுக்குள்ள பிடுங்கு" என்பார். பிடுங்கிவிட்டால், "உடனே ஹீரோ மாதிரி ஓடாத. முதல் பாஸ் கூட்டத்துக்கு வெளிய. அப்புறம் பற" என்பார். கையில் மாத்தே என்ற கசப்புத் தேநீர்க் குவளை, கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க். எண்ணும்போது மட்டும் உறிஞ்சமாட்டார். நான் எண்ணினால் மூன்றிலேயே மூச்சு வாங்கும்.

இப்பேர்ப்பட்ட மனிதரை என்ன செய்தார்கள்? அப்போது அவர் ஆற்றங்கரைச் சங்கத்தில் இருந்தார். இறுதி ஆட்டம். அவர் அணியின் கோல்கீப்பர் தூக்கி அடிக்காமல் பக்கத்தில் நின்றவனுக்குத் தட்டினான். பந்து பறிபோனது. கோல். கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு ஒதேகி கத்தினார்: "யோவ் கிழவா, பந்தைத் தாலாட்டவா உன்னை வச்சிருக்கேன்? தூக்கி அடிக்கச் சொல்லுய்யா."

"தூக்கி அடிச்சா, தலைவரே, பந்து யாருக்குன்னு காத்துதான் முடிவு பண்ணும்."

ஆட்டம் முடிந்ததும் ஒதேகி உள்ளே வந்தார். அழுதுகொண்டிருந்த பிள்ளைகளின் முன்னால், பயிற்சியாளரின் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி எடுத்துக்கொண்டார். தோன் எவரிஸ்தோ குனிந்து கொடுத்தார். ஒதேகிக்கு அந்த உயரம் எட்டாது.

அதன்பின் தோன் எவரிஸ்தோ எங்களிடம் வந்தார். வேறு விசில் வாங்கவே இல்லை. நாக்கை மடித்துச் சீட்டி அடித்தே காலத்தை ஓட்டினார்.

இந்த ஞாயிறு அதே கோப்பை, அதே மைதானம், எதிரே ஆற்றங்கரை. மன்னிப்போமா? ஏன் மன்னிக்க வேண்டும்?

"வால்தெமார், போதும், உக்காருங்க" என்று சுல்மா அவர்கள் என் சட்டையை இழுக்கிறார். இழுக்காதீங்கம்மா, பொத்தான் விஷயம் ஊருக்கே தெரிஞ்சிடும்.

சூளுரைக்கிறேன். ஐந்து கோல் போடமாட்டோம், சட்டென்று முடித்துவிடுவது இரக்கம். ஒன்று போடுவோம். பிறகு பந்தை வைத்துக்கொள்வோம். உங்கள் பிள்ளைகள் நாக்குத் தள்ள ஓடட்டும். நீங்கள் அதே வேலியைப் பிடித்துக்கொண்டு எங்கள் பாஸ்களை விரல்விட்டு எண்ணுங்கள். முடிந்ததும் அந்த விசிலைக் கொண்டுவந்து அவர் துணைவி நேலிதாவின் கையில் கொடுங்கள். எல்லோரும் பார்க்கக் கொடுங்கள்.

தோன் எவரிஸ்தோ விட்ட இடத்திலிருந்து தொடர, இன்று காலை நேலிதாவிடம் அவருடைய நோட்டை வாங்கினேன். ஞாயிறுக்கான எங்கள் அணி முழுவதும் அம்புக்குறிகளோடு அதில் இருக்கிறது. அடுத்த பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், நேலிதா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வியாழன்தோறும் முட்டி வைத்தியத்துக்கு என்று போனாரே தோன் எவரிஸ்தோ, அவர் போனது ஆற்றங்கரை மைதானத்துக்கு. எங்கள் காலிலிருந்து பந்தைப் பறிப்பது எப்படி என்று அவர்கள் பிள்ளைகளுக்கும் வரைந்துவைத்திருக்கிறார். ஒதேகியின் பேரன் பெயருக்குக் கீழே, நல்ல ஆட்டக்காரனுக்கு மட்டும் அவர் போடுகிற இரண்டு கோடு.