மூன்று மணி நேரத்துக்குள் ஒரு பெயர்

அவைத் தலைவர் குணசேகரன் அவர்களே, சங்கத்துப் பெரியோர்களே, உப்பலிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்த தாய்மார்களே, கச்சிபௌலி நெரிசலில் இன்னும் நிற்கும் நண்பர்களே, வணக்கம்.

மருத்துவமனையில் ரத்தம் சோதிப்பவள் நான். ரத்தத்தில் ஈஸ்ட் வளர்வதுண்டு. சிரிக்கிறீர்கள் ஐயா. ரொட்டியை உப்பவைப்பதன் உறவுதான். ஆனால் உயிரைக் கேட்கும். ஓர் இனம் வழக்கமான மருந்துக்கு அடங்கும். இன்னொன்று அதே மருந்துக்கு அசையாது. ஆகவே பெயர் வேண்டும். உடனே வேண்டும்.

ரயில்வே பணிமனைப் பூபாலன் அண்ணன் ரத்தத்தில், சென்ற ஆண்டு, ஈஸ்ட் கண்டோம். அவர் அனுமதியோடு சொல்கிறேன். அவர் மனைவி மங்கையர்க்கரசி அக்கா ஆய்வக ஜன்னலில் நின்றார்.

"பேரு சொல்ல கைக்கும்மா, எதுக்கு இத்தன நேரம்?"

"அது வளரணும்க்கா."

"அது வளர்றதுக்குள்ள இவரு தேயுறாரே."

விரைவுச் சோதனை ஒன்று உண்டு. ரத்தத்தின் தெளிநீரில் ஈஸ்டை இட்டு, உடல் சூட்டில் வைப்போம். மூன்று மணி நேரத்துக்குள் வால் முளைத்தால், அடங்கும் இனம். நேரம் கடந்தால்? மற்றவையும் வால் போல ஒன்றை நீட்டும்.

பத்து மணிக்கு வைத்தேன். ஒரு மணிக்குப் பார்க்க வேண்டும். தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். கோப்பு, கையெழுத்து, தேநீர். நான்கு மணிக்குப் பார்த்தேன். வால் இருந்தது. நேரம் கூடினால் உறுதி கூடும் என்று நம்பினேன். அடங்கும் இனம் என்று எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து ஆய்வக இயந்திரம் வேறு பெயர் சொன்னது: அசையாத இனம். மருந்து மாறியது. அண்ணன் பிழைத்தார். அதற்குள் ஈஸ்ட் கண்ணுக்கு ஏறியிருந்தது. இடக்கண்ணில் பார்வை இல்லை.

பின்வரிசையில் யாரோ விதி என்கிறீர்கள். நக்கோ ஐயா, அந்தப் பேச்சு வேண்டாம். விதி அல்ல. நான்.

காத்திருந்தது கவனமா? கடமையா? கண்ணைக் காவு கொடுத்த கவனம் யாருக்காக?

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போய் எல்லாம் சொன்னேன். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார். அண்ணன் கேட்டார்: "இப்ப அந்த மேசையில யாரு இருக்கா?"

அதற்கான பதிலை இன்று சொல்கிறேன். காலையில் ஒரு பெண்ணின் ரத்தத்தில் ஈஸ்ட் தெரிந்தது. இப்போது அந்த மேசையில் என்னோடு வேலை செய்யும் ஃபெலிக்ஸ் இருக்கிறார் அண்ணே. நேரம் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டார். மூன்று மணிக்கு அங்கே உட்கார என் முறை. பொன்னாடையை வைத்துவிடுங்கள் தலைவரே, ஆட்டோ காத்திருக்கிறது.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு, பொறுமையில்லாதவளின் நன்றி. வணக்கம்.