கொடியில் ஒரு தட்டளவு இடைவெளி

பால்கனியில் சங்குப்பூக்கொடி வளர்ப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. விதையை முதல்நாளே தண்ணீரில் ஊறப்போட வேண்டும். தொட்டியில் தேங்காய்நார்த் தூள் பாதி, செம்மண் பாதி. நாலு இலை விட்டதும் நுனியைக் கிள்ளிவிட்டால் ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். ஏறுவதற்கு ஒரு நைலான் வலையைக் கட்டிக் கொடுத்துவிட்டால் அதன் வேலையை அது பார்த்துக்கொள்ளும். நீங்கள் தாழ்ப்பாளைப் பற்றித்தான் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் சார், தெரியும். ஆனால் கொடியிலிருந்து ஆரம்பித்தால்தான் தாழ்ப்பாள் விளங்கும்.

என் பெயர் ஸௌரிராஜன். வயது ஐம்பத்தெட்டு. திருமலையில் ஒரு மடத்தில் தளிகை, அதாவது சமையல் செய்கிறேன். காலை ஆறரை மணி பஸ்ஸில் மேலே போனால் மாலை ஆறரைக்குக் கீழே இறங்குவேன். என் மனைவி யதுகிரி போன ஏகாதசியன்று எங்கள் பால்கனியில் இறந்துபோனாள். வெயில் தாங்காமல் என்று டாக்டர் எழுதினார். நான் குரங்குக்குப் பயந்து, அவள் வெளியே இருப்பதைக் கவனிக்காமல் கதவைத் தாழிட்டுவிட்டுப் போய்விட்டேன் என்று நீங்கள் எழுதினீர்கள். திருப்பதியில் பால்கனிக் கதவைத் தாழிடாத வீடு உண்டா, பாவம் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த எழுத்தில் ஒரு சின்னத் திருத்தம் செய்யத்தான் வந்திருக்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் இந்த அபார்ட்மெண்டின் மூன்றாம் மாடிக்குக் குடிவந்தோம். பிள்ளை வேதாந்த் பெங்களூரில் வேலையாகிப் போய்விட்டான். வீட்டில் நாங்கள் இருவர்தான். எங்கள் பால்கனிக்கு எதிரே, இருபதடி தள்ளி, அடுத்த பிளாக்கின் பால்கனி. அதில் வேங்கடாசலம் என்று ஒருவர். மின்சார இலாகாவில் இருந்து ஓய்வுபெற்றவர், மனைவி காலமாகிவிட்டாள். காலையில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார்.

எங்கள் ஆத்தில் மடி வழக்கம் உண்டு. யதுகிரி காலையில் குளித்துவிட்டு ஈரப்புடவையோடு பால்கனிக்குப் போய், முதல்நாள் உயரத்தில் மூங்கிலில் உலர்த்தியிருந்த மடிப்புடவையைக் கோலால் எடுத்துக் கட்டிக்கொள்வாள். பிறகு தளிகையாகி, பெருமாளுக்குக் காட்டி, சாப்பிட்டு முடிகிறவரை அவளை யாரும் தொடக்கூடாது, வெளியாட்களோடு அவள் பேசவும் மாட்டாள். பழைய வீட்டில் இதற்குக் கொல்லைப்புறம் இருந்தது. இங்கே இருபதடியில் ஒரு மனுஷன் பேப்பர் படிக்கிறான். நீங்களும் கல்யாணமானவர். எந்தப் புருஷனும் செய்கிறதைத்தான் நானும் செய்தேன். ஒரு மறைப்பு வேண்டும் என்றேன்.

வலை நான் கட்டினேன். விதை நான் போட்டேன். வளர்த்தது அவள்தான், அதை மறைக்க மாட்டேன். தினமும் குளியலறையிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவாள். மோர்ப் பாத்திரம் கழுவிய தண்ணீர், அரிசி களைந்த கழுநீர் எல்லாம் அதற்குத்தான். ஓரத்தில் ரங்கூன் மல்லி ஒன்றும் வைத்தேன். ஒன்றரை வருஷத்தில் வலை தெரியாமல் மூடிக்கொண்டது. பகலிலும் உள்ளே பச்சை வெளிச்சம்தான். எனக்குத் திருப்தியாக இருந்தது.

அந்தத் திருப்தியைக் கெடுத்தது வேங்கடாசலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஹாலில் இருக்கும்போது, அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் வந்தது.

"அம்மா, கொடி சாலா பாகுந்தி, ரொம்ப நல்லாருக்கு. கீழ் எலை பழுத்துட்டா கிள்ளிடுங்க, இன்னும் நல்லா வரும்."

இலைகளுக்குப் பின்னாலிருந்து யதுகிரி, "சரி, கிள்ளிடறேன்," என்றாள். கூடவே சிரித்தாள்.

அவ்வளவுதான் நடந்தது. நீங்கள் எழுதுகிற கையை நிறுத்தி என்னைப் பார்க்கிறீர்கள். எனக்கும் அது சின்ன விஷயம் என்று தெரியும். ஆனால் முப்பத்தொரு வருஷம் அவள் கையால் தீர்த்தம் வாங்கிக் குடித்தவன் நான், அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. பொறாமை என்று எழுதிக்கொள்ளுங்கள், அந்தச் சொல்லுக்கு நான் வெட்கப்படவில்லை. தன் பொருளின் மேல் அக்கறை உள்ளவனுக்குத்தான் அது வரும்.

மறுவாரம் அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து, எதிர் பிளாக்கில் இருப்பவர்கள் பெண்டுகள் இருக்கும் பால்கனியைப் பார்த்துப் பேசுவது சரியில்லை என்று பொதுவாகச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. வேங்கடாசலத்துக்கு முகம் செத்துவிட்டது. அடுத்த நாளே தன் பால்கனிக்கு மூங்கில் தட்டி வாங்கி இறக்கிவிட்டார். நாற்காலியும் உள்ளே போய்விட்டது. வீட்டில் யதுகிரியை உட்காரவைத்து, அந்தத் திசைக்கு இனி உன் குரல் கேட்கக்கூடாது என்று பெருமாள்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவள் மறுப்பு சொல்லாமல் கையடித்துக் கொடுத்தாள். அழக்கூட இல்லை. அதுவே எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

சித்திரை மாசத்தில் அந்த இடைவெளியைப் பார்த்தேன். பால்கனியின் வலது ஓரத்தில், அவள் பூத்தொடுக்க உட்காரும் முக்காலிக்கு நேராக, கொடியில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை. காய்ந்து விழுந்ததல்ல. தண்டுகளை இரண்டு பக்கமும் ஒதுக்கி, கிழிந்த புடவைக் கரையால் நறுவிசாகக் கட்டியிருந்தது. நான் அவிழ்த்துவிட்டு, கொடிகளை இழுத்துச் சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டினேன். ஒரு வாரத்தில் மறுபடியும் திறந்திருந்தது.

"எதுக்கு இது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லேன்னா. கொஞ்சம் காத்து வரட்டுமேன்னு."

"காத்து வர்றதுக்கு ஃபேன் இருக்கே."

"உங்களுக்கு எல்லாத்தையும் சொல்லணுமாக்கும்," என்று சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். அப்போது அவள் கன்னம் சிவந்திருந்தது. ஐம்பத்திரண்டு வயசில் ஒரு பெண்பிள்ளைக்குக் கன்னம் எதற்காகச் சிவக்கும்? நான் மூன்று தடவை கட்டினேன், மூன்று தடவையும் அவள் அவிழ்த்தாள். மற்ற எதிலும் என் பேச்சைத் தட்டாதவள், இந்த ஒரு தட்டளவை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

நான் அவசரப்பட்டு முடிவுக்கு வருகிறவனில்லை. லிஃப்ட் ரிப்பேர் சம்பந்தமாகப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வேங்கடாசலம் வீட்டுக்கே போனேன். பேசிக்கொண்டே அவருடைய தட்டியை விலக்கிப் பார்த்தேன். எங்கள் பால்கனியில் பச்சை இலைகளைத் தவிர எதுவும் தெரியவில்லை. அந்த ஓட்டைகூட அங்கிருந்து தெரியவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நான் வந்து பார்ப்பேன் என்று தெரிந்து அவள் அன்றைக்கு மட்டும் மூடியிருக்கலாம் அல்லவா?

இனி ஏகாதசி. அது நீர்கூடக் குடிக்காத ஏகாதசி. யதுகிரி கல்யாணமான நாளிலிருந்து அதைத் தவறவிட்டதில்லை. முதல்நாள் இரவு ஒரு வாய் பால், பிறகு மறுநாள் துவாதசிக்குத்தான் தீர்த்தம். டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார், அதைக்கூட அன்று போட்டுக்கொள்ள மாட்டாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்க வெயில் எப்படி இருந்தது என்று உங்களுக்கும் தெரியும்.

காலை ஆறு மணிக்குக் குளித்துவிட்டுப் பால்கனிக்குப் போனாள். மடிப்புடவையைக் கட்டிக்கொண்டு, ஈரப்புடவையை மூங்கிலில் உலர்த்தினாள். வாளித் தண்ணீரைத் தொட்டியருகில் வைத்தாள். நான் திருமண் இட்டுக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தபோது, அவள் முதுகைக் காட்டிக்கொண்டு அந்த ஓட்டைக்கு முன்னால் நின்றிருந்தாள். ஒரு கையால் இலையை விலக்கிப் பிடித்திருந்தாள். கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பால்கனிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். அவள் அங்கே இருப்பதைப் பார்த்துத்தான் போட்டேன். இதுதான் அந்தத் திருத்தம்.

சத்தம் கேட்டு அவள் திரும்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஏன்னா, நான் இங்கே இருக்கேன்," என்றாள். கோபமில்லை, நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். விரலை மடக்கி இரண்டு தடவை தட்டினாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பிறகு வாசல் கதவைப் பூட்டிக்கொண்டு, படியிறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அவளை நான் அடிக்கவில்லை. ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அவளுக்கு அவ்வளவு பிடித்த இடத்தில் ஒரு பகல் இருக்கட்டும் என்று விட்டேன்.

மலையில் அன்று வேலை குறைவு. மத்தியானம் ஓய்வாக இருந்தேன். மொபைல் பையில் இருந்தது, அசோசியேஷன் காரியதரிசி நம்பர் அதில் உண்டு. நினைவு வரவில்லை என்று அன்றைக்கு உங்களிடம் சொன்னேன். நினைவு வந்தது. இரண்டு மணிக்கு ஒருதரம், நாலு மணிக்கு ஒருதரம். இறங்கி வரும்போது நர்சரியில் நின்று கொடிக்கு வேப்பம்புண்ணாக்கு வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டு தாழ்ப்பாளை நீக்கினேன். முக்காலிக்குப் பக்கத்தில், அந்த ஓட்டைக்கு நேரே சாய்ந்து கிடந்தாள். உடம்பு விறைத்திருந்தது. வாளி காலியாக இருந்தது. குடித்திருப்பாளோ என்று முதலில் நினைத்தேன். தொட்டி மண் எல்லாம் ஈரமாக இருந்தது. அவ்வளவு தண்ணீரையும் செடிக்குத்தான் ஊற்றியிருக்கிறாள்.

யாருக்கும் கேட்கவில்லையா என்று நீங்கள் அப்போது கேட்டீர்கள். பாத்திரம் தேய்க்கும் ரத்னம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. விஜயபுரம் பக்கத்துக்காரி, பத்து மணிக்கு வருவாள், சில நாள் சாயந்தரமும் வருவதுண்டு. ஒருதரம் யதுகிரி மடியில் இருக்கும்போது அவள் கதவைத் தட்டிக் கூப்பிட்டதற்கு நான் கடுமையாகத் திட்டியிருக்கிறேன். அதை அவள் மறக்கவில்லை. பதின்மூன்றாம் நாள் காரியங்கள் முடிந்து, வேதாந்த் ஊருக்குப் போன பிறகு, நேற்று வந்து வாசலிலேயே நின்றுகொண்டு அழுதாள்.

"ஒரு தபா பெல்லு அடிச்சேன் சாமி. உள்ள டொக்கு டொக்குன்னு சத்தம் கேட்டுகினே இருந்திச்சி. அம்மா மடியில கீறாங்க, கூப்புட்டா சாமி திட்டும்னு படிக்கட்டுல குந்திகினு இருந்தேன். ஒரு மணி நேரம் பாத்துட்டுப் போய்ட்டேன். பாவி நானு."

எதிரே வேங்கடாசலத்துக்கும் தட்டியின் இடுக்கு வழியே கொடி அசைவது தெரிந்திருக்கிறது. தட்டியை விலக்கிப் பார்த்தால் மறுபடியும் கூட்டத்தில் பேச்சு வரும் என்று இருந்துவிட்டாராம். அவள் அந்தப் பக்கம் குரல் கொடுக்கவில்லை. சத்தியம் செய்தவள் அல்லவா.

ரத்னம்மாவிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். அந்த ஓட்டை வழியாக அம்மா எதைப் பார்ப்பாள் என்று.

"மலையத்தான் சாமி. சாயந்தரமானா முக்காலியப் போட்டுகினு குந்திடுவாங்க. ரோடுல பஸ்ஸு எறங்குறது அதுல தெரியும். ஆறு மணி ஆச்சுன்னா, அதோ அந்த பஸ்ஸுதாண்டி, ஐயா வந்துட்டார், காபிக்குத் தண்ணி வைக்கணும்னு எந்திருப்பாங்க. காலையிலயும் சாமி ஏறிப்போற பஸ்ஸப் பாத்துட்டுத்தான் அடுப்பு பத்த வெப்பாங்க. சாமிகிட்ட சொல்லிடாதடின்னு சிரிப்பாங்க."

அவளை அனுப்பிவிட்டு அந்த முக்காலியில் போய் உட்கார்ந்தேன். ரத்னம்மா சொன்னது பொய்யில்லை. அங்கிருந்து வேங்கடாசலத்தின் பால்கனி தெரியவில்லை, அவர் பிளாக்கின் ஓரச் சுவரைத் தாண்டிக் கண் போகிறது. தட்டளவுக்குள் ஏழுமலையின் ஒரு சரிவும், மலைப்பாதையின் கடைசி இரண்டு வளைவுகளும் அடங்கியிருக்கின்றன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு இறங்கியது. சந்தேகம் நீங்கியதும் மனசு லேசாகிவிடும் என்று சொல்வார்கள். எனக்கு லேசாகவில்லை. வெகுநேரம் அங்கேயே இருந்தேன். எழுந்திருக்கும்போது, இன்று காலை உங்களிடம் வரவேண்டும் என்று தீர்மானமாகிவிட்டது.

வேங்கடாசலம்மேல் எனக்கு இப்போது வருத்தமில்லை. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாக எழுதிக்கொள்ளுங்கள். தாழ்ப்பாளைத் தெரிந்தே போட்டேன் என்பதையும் என் வாயால் சொல்லிவிட்டேன், எங்கே கையெழுத்து என்று காட்டினால் போட்டுவிடுகிறேன். நான் உண்மையை மறைக்காமல் சொன்னதற்குப் பதிலாக நீங்கள் எனக்கு ஒரு காரியம் செய்ய வேண்டும். முப்பத்தொரு வருஷம் கூட இருந்தவனை, தினமும் வீட்டுக்கு வரப்போகிறவனை, எவளாவது ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாளா? ஆறரை மணி பஸ்ஸில் என்னைத் தவிர நாற்பது பேர் இறங்குகிறார்கள் சார். அதில் அவன் யார் என்று விசாரித்துச் சொல்லுங்கள்.